அலீம் என்று கூப்பிடும் முறை

கொத்தளப்பட்டினத்தில் ஒரு நாளைக்கு அதிகத் தடவை கூப்பிடப்பட்ட பெயர் அலீம், ஆனால் பத்தொன்பது வருடங்களில் அந்தப் பெயரைத் தன் பிள்ளைக்கு வைத்தவர் அங்கே ஒருவர்கூடக் கிடையாது. நான் அந்த ஊரில் மருந்துக்கடை வைத்திருப்பவன். அரபுப் பெயர்களையும் அவற்றின் அர்த்தங்களையும் போட்ட சின்னப் புத்தகம் ஒன்று என் கடையில் சணல் கயிற்றில் கட்டித் தொங்கும், பிள்ளை பிறந்த வீட்டு ஆண்கள் ஜீனிப் பொட்டலத்தோடு வந்து, எனக்கு ஒரு வாய் கொடுத்துவிட்டு, அந்தப் புத்தகத்தைப் பிரித்து மேலிருந்து கீழே விரலை ஓட்டுவார்கள், அர்ஷத், அர்ஹம் என்று ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே வரும் விரல் அலீம் வந்ததும் சத்தமில்லாமல் தாண்டி அன்வரில் போய் நிற்கும். 'அலீம்: நன்கறிந்தவன்' என்றுதான் அதில் அச்சடித்திருக்கிறது. அர்த்தத்தில் ஒரு குறையும் இல்லை, குறையெல்லாம் எங்கள் வாயில்தான் இருந்தது.

பெயர் வைத்த அன்று எல்லாம் முறையாகத்தான் நடந்தது. ருக்கையாவின் கணவன் செய்யதலி அப்போது தம்மாமில் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஏழாம் நாள் பிள்ளைக்கு முடியிறக்கி, இரண்டு ஆடு அறுத்து, வீடு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது போன் போட்டு, அப்துல் அலீம் என்று வையுங்கள், எல்லாம் அறிந்தவனின் அடிமை என்று அர்த்தம் என்றான், பதினோரு வருடம் அரபிகளோடு குப்பை கொட்டியவன் என்பதால் அடித்தொண்டையிலிருந்து எடுத்துச் சொன்னான். பள்ளிவாசலில் தொழவைக்கும் உதுமான் லெப்பை பிள்ளையை மடியில் வாங்கி, வலக்காதில் பாங்கும் இடக்காதில் இகாமத்தும் சொல்லி, அதே அடித்தொண்டையில் அந்தப் பெயரை மூன்று தடவை ஓதினார், பிறகு கையை வலது முழங்காலில் ஊன்றிப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார், அந்த முழங்கால் அப்போதே தேய்ந்துபோயிருந்தது. அடுத்த மாதம் செய்யதலியின் லாரி ஒரு பாலத்திலிருந்து விழுந்தது, அவனை அங்கேயே அடக்கிவிட்டார்கள். அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லக்கூடியவர்களில் ஒருவர் குறைந்தார்.

எங்கள் ஊரில் யாருக்கும் முழுப் பெயர் இரண்டு நாளைக்கு மேல் தாங்காது, முதலில் அப்துல் உதிர்ந்தது, அப்புறம் தொண்டையும் உதிர்ந்தது. அரபியில் ஐன் என்று ஓர் எழுத்து உண்டு, அது அடித்தொண்டையை இறுக்கிக்கொண்டு வர வேண்டும், அலிஃப் என்று இன்னொன்று உண்டு, அது வாயைத் திறந்தாலே வந்துவிடும், தமிழில் இரண்டுக்கும் இருப்பது ஒரே 'அ'தான். ஐன் போட்டுச் சொன்னால் அந்தப் பெயருக்கு அறிந்தவன் என்று அர்த்தம். அலிஃப் போட்டுச் சொன்னால் வலி தருவது, வேதனையானது என்று அர்த்தம். குர்ஆன் ஓதும்போது நாங்கள் யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டோம், சின்ன வயதில் ஓதுகிற பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கி வாங்கி ஐன் எங்கள் தொண்டையில் நன்றாகவே உட்கார்ந்திருந்தது. ஆனால் ஓதுகிற வாய் வேறு, தெருவில் நின்று பிள்ளையைக் கூப்பிடுகிற வாய் வேறு.

பிள்ளைக்கு மூன்று வயதாக இருந்தபோது ருக்கையா கஞ்சி வடிக்கும்போது சட்டி சரிந்து கொதிக்கிற கஞ்சி அவள் இடது பாதத்தில் கொட்டியது, அவள் அலறிய அலறல் "அலீமே" என்று வந்தது, வந்த அந்த நொடியே வலி போய்விட்டது. தோல் உரிந்து கொப்புளம் எழும்பிய பாதத்தை அவள் வேறு யாருடையதோ மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாள், அதே நேரம் முற்றத்தில் தென்னங்குச்சி வைத்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை ஒரு காயமும் இல்லாத தன் இடது பாதத்தைப் பிடித்துக்கொண்டு துடித்தது. புண் அவளிடமே இருந்தது, ஆறப் பத்து நாள் ஆனது, பத்து நாளும் பிள்ளைதான் நொண்டியது. அதன்பிறகு அவள் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை, வாப்பா என்று மட்டும் கூப்பிட்டாள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டாள், எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரி பார்த்தால் பாங்கு சொன்ன மாதிரிதான்.

யாரும் ஆச்சரியப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் புதுக் குழாய் போட்டால் குடத்தை எடுத்துக்கொண்டு போவது மாதிரி எல்லோரும் போனார்கள். முதலில் பிரசவம், அப்புறம் சிறுநீரகக் கல், அப்புறம் மூட்டு, கடைசியில் கல்லில் இடித்த கால்விரலுக்குக்கூட. அவன் எதிரில் இருக்க வேண்டும் என்றில்லை, ஊர் எல்லைக்குள் எங்கிருந்து கூப்பிட்டாலும் போதும். கோலாலம்பூரில் ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டபோது இங்கே தம்பி வீட்டு செல்போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார், வேலை செய்தது. கடற்கரைக் குப்பத்து மீனவர்கள் திருக்கை முள் குத்தினால் அலையில் நின்றபடியே "அலீமு" என்பார்கள், அவர்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை, ஐன் என்ற எழுத்து இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. ஜமாஅத் கூடி, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிகிறவரை யாரும் கூப்பிடக் கூடாது, தலைவலிக்கும் சளிக்கும் கூப்பிடவே கூடாது என்று தீர்மானம் போட்டது, அந்தத் தீர்மானத்தைப் போட்ட தலைவரே தலைவலி வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகக் கூப்பிட்டார்.

பிரசவ ஆஸ்பத்திரியில் சத்தம் அடங்கிப்போனது. எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைகள் அத்தனை பேரும் இந்த உலகத்தில் முதலில் கேட்ட வார்த்தை, பாங்குக்கும் முன்னால் கேட்ட வார்த்தை, அவன் பெயர்தான். என் கடையில் வலி மாத்திரைகள் தேதி தாண்டி அட்டை அட்டையாகக் கிடந்தன, தைலப் புட்டிகளில் எறும்பு செத்துக் கிடந்தது. நான் மருந்து தெரிந்தவன், வலி போனால் நோய் போகாது என்று எனக்குத் தெரியும். குடல்வால் வெடித்த ஒருவர் சிரித்துப் பேசி, மத்தியானம் இரண்டு தட்டு நெய்ச்சோறு சாப்பிட்டு, சாயங்கால அசர் தொழுகைக்குள் உயிர் போய் மௌத்தானதைக் கண்ணால் பார்த்தவன். பெண்டாட்டியை அடிக்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் ஓங்கி அடித்தார்கள், அவளுக்குத்தான் வலிக்கவில்லையே. எல்லாம் தெரிந்தும் நானும் கூப்பிட்டிருக்கிறேன், கடைவாய்ப்பல்லுக்காக, மூன்று தடவை. நான்காகவும் இருக்கலாம்.

அவன் எப்படி இருந்தான் என்று கேட்பீர்கள். மெலிந்து, உயரமாக, எப்போதும் உடம்பின் ஏதோ ஒரு பக்கத்தைத் தாங்கிக்கொண்டு இருந்தான். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்குமேல் உட்கார முடியவில்லை. வாயில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு பாயில் சுருண்டு கிடப்பான், கொஞ்சம் லேசான நாட்களில் எழுந்து தெருவில் நடப்பான், அப்படி நடக்கும்போது யாரையாவது நிறுத்தி, "மாமி, ஒங்களுக்கு வலது மாருல கட்டி இருக்கு, மதுரைக்குப் போயிக் காட்டுங்க" என்பான், அவன் சொன்னது ஒரு தடவையும் தப்பவில்லை. எந்தக் குமரி யாருக்கும் தெரியாமல் கருவைக் கலைத்தாள், எந்த வீட்டில் எவளுக்கு எந்த இடத்தில் அடி விழுந்தது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும், ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. புத்தகத்தில் அச்சடித்த அர்த்தமும் அவனிடம் வந்து சேர்ந்துதான் இருந்தது, நாங்கள் வாயில் போட்ட அர்த்தத்தின் வழியாக.

அவனுக்குப் பதினாறு வயதானபோது குவைத்தில் பதினெட்டு வருடம் சமையல் வேலை பார்த்த கைருன் ஊருக்குத் திரும்பி வந்தாள். ருக்கையாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா முறை. வந்த மூன்றாம் நாள் பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு ருக்கையா வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவள், தெருவிலிருந்து வருகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் காதைச் சாய்த்துக் கேட்டாள்.

"ஏண்டி ருக்கையா, ஒம் மவன ஏன் ஊரே 'வலி, வலி'ன்னு கூப்புடுது?"

"அது அவன் பேரு லாத்தா. அலீம்."

"நீ சொல்றதும் அதாண்டி. அங்க ரேடியோவுல செத்தவுக சேதி வாசிக்கும்போதெல்லாம் இந்த வார்த்தைதான் வரும். அறிஞ்சவன்னு சொல்லணும்னா தொண்டைக்குள்ளேருந்து வரணும். நீயெல்லாம் ஓதுனவதானே?"

ருக்கையா பேரீச்சம்பழப் பொட்டலத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். பிறகு உள்ளே போய், பாயில் கிடந்த மகனுக்குப் பக்கத்தில் குத்தவைத்து, குர்ஆன் ஓதுகிறவள் மாதிரி தொண்டையை இறுக்கி, பதிமூன்று வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் வாயிலிருந்து துண்டை எடுத்தான்.

"வலிச்சுதா வாப்பா?"

"இல்லம்மா. என்ன யாரோ மொதத் தடவையா கூப்புட்ட மாதிரி இருந்துச்சு."

அன்றைக்கு அசர் தொழுகை முடிந்ததும் அவள் லெப்பையிடம் போனாள். அவரிடம் போனதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த ஊரில் ஒரு தடவைகூட அவனைக் கூப்பிடாத ஒரே ஆள் அவர்தான், அதற்கு யாரும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை, ஒவ்வொரு தொழுகையிலும் ஊரே பார்க்க அவர் முழங்காலில் கையை ஊன்றிப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுந்தார். அவள் சொன்னதைக் கேட்டு லெப்பை நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"நாப்பது வருசமா ஐன் சொல்லிக் குடுக்குறேன், எனக்கு ஏன் இது தோணல மவளே?"

அந்த வெள்ளிக்கிழமை மிம்பர் மேடையில் நின்று அவர் கண்ணீர் விட்டு விளக்கினார், இரண்டு பெயருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னார், சொல்லிக்கொடுத்தார். நாங்கள் நானூறு பேரும் ஒரே குரலாகத் திருப்பிச் சொன்னோம், ஒரு தொண்டையும் பிசகவில்லை, பள்ளிவாசல் தூண்கள் அதிர்ந்தன. பிரம்படி வாங்கிய தொண்டைகள் அல்லவா. அந்த மத்தியானம் அவன் பாயில் கையையும் காலையும் நீட்டித் தூங்கினான், ருக்கையா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே இருந்தாள், ஈ ஒன்று அவன் மூக்கில் உட்கார்ந்ததற்குக்கூடச் சிரித்தாள். அசருக்குச் சற்று முன்னால் மரக்கடை அப்பாஸ் கட்டைவிரலில் சுத்தியலால் அடித்துக்கொண்டார். தொண்டையை இறுக்கிச் சரியாக ஒருமுறை கூப்பிட்டார், வலி போகவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, வாயை லேசாகத் திறந்து இன்னொரு முறை கூப்பிட்டார்.

பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகைக்குள் ஊர் முழுக்கப் பழையபடி ஆனது. அந்த வெள்ளிவரைக்கும் தெரியாமல் செய்தோம், அதற்குப் பிறகு மூன்று வருடம் தெரிந்தே செய்தோம். வேறு பெயர் வைக்கலாம் என்று ருக்கையா அலைந்தாள், காகிதத்தில் மாற்றியும் விட்டாள், காகிதத்தை யார் கூப்பிடப் போகிறார்கள். ஊரைவிட்டே போய்விடலாம் என்று பெட்டி கட்டிய காலையில் வாசலில் நாற்பது பெண்கள் உட்கார்ந்து அழுதார்கள், அதில் ஆறு பேர் நிறைமாதம். அவளும் ஒரு நாள் நிறைமாதமாக இருந்தவள்தானே என்று கேட்டார்கள்.

"பெட்டிய அவுத்துருங்கம்மா" என்றான் மகன். "எங்க போனாலும் போன்ல கூப்புடுவாங்க. இங்கன்னா யாரு கூப்புட்றாகன்னாவது தெரியும்."

போன மாசி மாதம் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய வேன் ஒன்று எங்கள் ஊர் எல்லைக்குள் வந்த பிறகு கடற்கரைச் சாலையில் கவிழ்ந்தது, மத்தியானம் இரண்டரை மணி, உள்ளே இருபத்தேழு பேர், எல்லோரும் எங்கள் ஊர்க்காரர்கள். நான் பஞ்சும் துணியும் எடுத்துக்கொண்டு ஓடினேன். தொடை எலும்பு வெளியே வந்தவர்கள் புளியமர நிழலில் சாய்ந்து உட்கார்ந்து, ஆம்புலன்ஸ் வருகிறவரை, பிரியாணியில் உப்பு குறைவு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். முக்கால் மணி நேரம் அப்படிப் பேசிக்கொண்டிருந்தார்கள், திடீரென்று இருபத்தேழு பேரும் ஒரே நேரத்தில் அலறினார்கள், அந்த அலறலைக் கேட்டதும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நான் வீட்டுக்குப் போனபோது ருக்கையா அவன் தலையை மடியில் வைத்திருந்தாள், அவன் கடித்திருந்த துண்டை வாயிலிருந்து எடுக்க முடியவில்லை, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் எல்லோருக்கும் அவரவர் வலி திரும்பி வந்தது. என் கடையில் கூட்டம் தாங்கவில்லை, தேதி தாண்டிய மாத்திரையைக்கூடப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் பிரசவமான பெண் கத்திய கத்தலில் தெருவில் பிள்ளைகள் பயந்து அழுதார்கள், பிரசவத்தில் கத்துவார்கள் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அழுதோம்தான், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் யார் அவனுக்காக அழுதார்கள், யார் தன் இடுப்புக்காக அழுதார்கள் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அடக்கம். வீட்டிலிருந்து மய்யித்தை, அவன் உடலை, தூக்குவதற்கு முன்னால் ருக்கையா லெப்பையிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். எங்கள் பக்கம் மண் தள்ளிய பிறகு லெப்பை கபுறுக் குழியின் தலைமாட்டில் உட்கார்ந்து, இறந்தவரை அவர் பெயரையும் அவரைப் பெற்றவள் பெயரையும் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டு, மலக்குகள் என்ற வானவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொடுப்பது வழக்கம், அதற்குத் தல்கீன் என்று பெயர். உள்ளே இருப்பவர் அந்தக் குரலைக் கேட்கிறார் என்பது எங்கள் நம்பிக்கை.

"லெப்பே, மொதல்ல அவன் காதுல பேரு சொன்னது நீங்க. கடைசியாவும் நீங்கதான் சொல்லப் போறீங்க. மூணு தடவையும் தொண்டையிலேருந்து சொல்லுங்க. உள்ளயாச்சும் எம்புள்ளைக்கு வலிக்கக் கூடாது."

"அல்லாவுக்குப் பொதுவா சொல்றேன் மவளே. ஒரு எழுத்து பெசகாது."

பெண்கள் கபர்ஸ்தானுக்குள் வர மாட்டார்கள். தெற்குச் சுவரில் மழைக்கு இடிந்த ஓர் இடைவெளி உண்டு, ருக்கையா கைருனோடு அங்கே வந்து நின்றாள், நான் நின்ற இடத்திலிருந்து அவள் முகம் தெரிந்தது. முந்தின மழையில் மண் நசநசவென்று இருந்தது. லெப்பை தலைமாட்டில் காலை மடக்கி உட்கார்ந்தார். அவருடைய வலி எங்கேயும் போய்விட்டுத் திரும்பி வந்ததல்ல, இருபது வருடமாக ஒரு நாள் விடாமல் அவரோடு இருந்தது, ஈர மண்ணில் மடங்கிய அந்த முழங்காலால் அவர் உதடு கோணியதை எல்லோரும் பார்த்தோம்.

"யா அப்துல் அலீம், இப்னு ருக்கையா" என்று முதல் தடவை கூப்பிட்டார். ஐன் சுத்தமாக விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ருக்கையா கண்ணை மூடித் திறந்தாள்.

"யா அப்துல் அலீம், இப்னு ருக்கையா." இரண்டாவதும் சுத்தம்.

மூன்றாவதுக்கு முன்னால் கொஞ்சம் நின்றார். அந்த நேரத்தில் அவர் என்ன நினைத்தார் என்று நான் நிறைய யோசித்துப் பார்த்திருக்கிறேன். இருபது வருடம் தாங்கியாயிற்று, இனி யாருக்கு வலிக்கப் போகிறது என்று நினைத்திருக்கலாம். ஒன்றும் நினைக்காமல் முழங்காலே வாயைத் திறந்திருக்கவும் கூடும்.

"அலீமே" என்றார். அப்துல்லும் இல்லை, தொண்டையும் இல்லை, தெருவில் நாங்கள் கூப்பிடுகிற அதே மாதிரி. "ருக்கையா மவனே."

மீதித் தல்கீனைத் தடங்கலில்லாமல் ஓதி முடித்தார். ருக்கையா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவருடைய வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை முழங்காலுக்குப் போகவில்லை. லெப்பை விருட்டென்று எழுந்து, தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, வாலிபன் மாதிரி நான்கு எட்டு நடந்தார், அப்புறம்தான் தான் எப்படி நடக்கிறோம் என்பது அவருக்கே தெரிந்து நின்றார்.

கபுறைச் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. கையில் கட்டுப் போட்டிருந்த ஒருவர் உதட்டை அசைத்தார், அவர் முகம் தெளிந்தது, அடுத்து அவருக்குப் பக்கத்தில் நின்றவர். யாரும் சத்தமாகச் சொல்லவில்லை, தொழுகையில் ஆமீன் சொல்கிற அளவுக்குக்கூட இல்லை. எனக்கு முந்தின நாளிலிருந்து கடைவாய்ப்பல் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. நானும் சொன்னேன். பல்வலி நின்றது. அந்த ஈர மண் அசைந்ததா என்று குனிந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, வேறு யாரும் பார்த்ததாகவும் தெரியவில்லை.

"நீயும் ஒரு தடவ ஊரு கூப்புட்ற மாதிரி கூப்புட்ருடி" என்று கைருன் அவள் தோளைப் பிடித்து அழுதாள். "பெத்த வயிறு எப்படித் தாங்கும்? கூப்புட்ருடி ருக்கையா."

ருக்கையா சுவர் இடைவெளியில் முகத்தை வைத்தாள். எங்கள் முணுமுணுப்பு அப்படியே அடங்கியது. அடித்தொண்டையை இறுக்கி, ஓர் எழுத்து பிசகாமல், "அப்துல் அலீம்" என்று மூன்று தடவை கூப்பிட்டாள், ஒவ்வொரு தடவையும் அவள் வலி அவளிடமே இருந்தது, ஒரு குண்டுமணி அளவும் குறையவில்லை, அது அவள் முகத்தில் எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. பிறகு நாங்கள் எல்லோரும் கைகால்களை வீசிக்கொண்டு லேசாக வீட்டுக்கு நடந்தோம், அவள் மட்டும் சுவரைப் பிடித்துப் பிடித்து, இரண்டு எட்டுக்கு ஒரு தடவை நின்று நின்று வந்தாள்.